பெயர் மறைத்த சாட்சி



"பெயர் குறிப்பிட விரும்பாத அதிகாரி ஒருவர் தெரிவித்தார்" என்று பத்திரிகையில் கண்டதும் அப்படியே நம்பிவிடுவோர் உளர். முழுப் பொய் என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். ஒரே பத்திரிகையில் வெளிவந்த இரு செய்திகள் இதனை விளக்கும்.

1972 ஜூன் 17ஆம் திகதி, வாஷிங்டன் நகரின் வாட்டர்கேற் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்தினுள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். 'வாஷிங்டன் போஸ்ற்' நிருபர்களான பொப் வூட்வேட், கார்ல் பேர்ண்ஸ்ரைன் இருவரும் பின்னணியைத் துருவினர். அவர்களுக்கு வழிகாட்டிய ஒருவர் எப்.பி.ஐ. உயரதிகாரி மார்க் பெல்ற் என்பது 2005இல்தான் வெளியாயிற்று. ஆனால் நிருபர்கள் அவரை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. பலரிடம் விசாரித்தனர். ஜனாதிபதி நிக்சனின் தேர்தல் நிதிக்கென வந்த 25,000 டொலர் காசோலை, பிடிபட்ட ஒருவரின் வங்கிக் கணக்கில் சேர்ந்திருந்ததைக் கண்டறிந்தனர். பின்னர் செனற் விசாரணையும் ஒலிப்பதிவு நாடாக்களும் உண்மையை வெளிப்படுத்தின. 1974 ஓகஸ்ற் 9ஆம் திகதி நிக்சன் பதவி துறந்தார்.

அதே பத்திரிகையில் 1980 செப்டெம்பரில், ஹெரோயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி ஜனற் குக் என்ற நிருபர் எழுதினார். பொலிசார் தேடியும் சிறுவன் கிடைக்கவில்லை. அவன் யாரென்று ஆசிரியர்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1981இல் புலிற்சர் பரிசு கிடைத்த சில நாட்களுள், அது கற்பனை என்று அவர் ஒப்புக்கொண்டார், பரிசு திருப்பியளிக்கப்பட்டது.

இரண்டிலும் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. முன்னையதைப் பிறரும் சோதித்துப் பார்க்க முடிந்தது. பின்னையதற்கு எழுதியவரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரமில்லை.

ஆகவே, இத்தகைய செய்தியை வாசிக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. சொன்னவர் நேரில் கண்டவரா, கேள்விப்பட்டவரா?

2. பெயரை மறைப்பதற்குத் தகுந்த காரணம் கூறப்பட்டுள்ளதா?

3. ஒருவரையொருவர் சாராத வேறு சாட்சிகளோ ஆவணமோ உண்டா?

4. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பதில் கேட்கப்பட்டதா?

5. தவறு நேர்ந்தால் அப்பத்திரிகை திருத்தம் வெளியிடுமா?

சொன்னவரின் நோக்கத்தையும் கவனியுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்க்காதீர்கள். 1972இல் எப்.பி.ஐ. தலைமைப் பதவி பெல்ற்றுக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு மனத்தாங்கல் இருந்திருப்பினும், அது காசோலையைப் பொய்யாக்கிவிடாது.

விடை கிடைக்காதபோது, "இன்னும் தெரியவில்லை" என்று சொல்வதில் வெட்கமில்லை. அதுவரை அச்செய்தியை அயலாரிடம் கொண்டுசெல்லாதிருப்போம். ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்க ஒரு நாள் போதும். மீட்க ஓர் ஆயுளும் போதாது.