முதுகு மூடிய ஹெட்போனும் ஏழு மாத உதவித்தொகையும்

ஹெட்போன் வாங்குவதைப் பற்றி ஒரு தமிழ்ச் சங்க இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் வினவக்கூடும். இருக்கிறது. நம் விடுதியில் ஆராய்ச்சி மாணவர் பலருக்கு உதவித்தொகை மாதந்தோறும் ஒழுங்காக வருவதில்லை. சில மாதங்கள் காத்திருந்தபின் நிலுவை முழுவதும் ஒரே நாளில் வந்து சேர்கிறது. அன்று கையிலுள்ள தொகையும் பெரிது; ஊரை விட்டு வந்திருக்கும் தனிமையும் பெரிது. அத்தகைய மாலைப் பொழுதில்தான் மூவாயிரம் டாலர் ஹெட்போன் நம் கண்ணுக்கு நியாயமானதாகத் தோன்றத் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டு முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மூவாயிரம் டாலர் என்பது, இறக்குமதி வரி சேராமலே, அதில் ஏழு மாதத்துக்குக் குறையாது. வீட்டுக்கு அனுப்பும் பணமும் அதே பையிலிருந்துதான் போகிறது. ஆகவே அந்த விலைக்கு எதைப் பெறுகிறோம் என்பதை அறிவியல் படிக்கும் நாம் கணக்கிட்டுப் பார்ப்பது தகும்.

காதொலிப்பான் முதலிய பெயர்கள் தமிழில் உண்டு. எனினும் விடுதியில் எல்லோர் வாயிலும் வழங்கும் ஹெட்போன் என்ற சொல்லையே இங்குக் கொள்கிறேன். கலைச்சொல் அறிஞர்கள் பொறுத்தருள்க.

ஹெட்போனில் இரு வகை உண்டு. ஒன்று முதுகு திறந்தது. மற்றொன்று முதுகு மூடியது. திறந்ததன் ஒலி வெளியே கசியும். வெளி ஓசையும் உள்ளே வரும். இருவர் ஓர் அறையில் வாழும் விடுதியில் இரவு பதினொரு மணிக்குத் திறந்த ஹெட்போனில் நாதசுரம் கேட்பவர், அறைத் தோழரின் நட்பை இழக்கத் துணிந்தவராக இருக்க வேண்டும். ஆதலின் நமக்கு உரியது மூடிய வகையே. 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் கோஸ் வெளிக்கொணர்ந்த முதல் ஸ்டீரியோ ஹெட்போனும் மூடிய வகைதான். திறந்த வகை, சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 414 வழியாக 1968இல் சந்தைக்கு வந்தது.

இனி மூடுவதால் நேரும் இடர் யாதெனக் காண்போம். ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. அது முன்னே காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னே காற்றைத் தளர்த்துகிறது. அஃதாவது, காதுக்குப் போகும் அலைக்கு நேர்மாறான ஓர் அலை எப்போதும் முதுகுப் பக்கம் பிறந்துகொண்டே இருக்கிறது. திறந்த ஹெட்போனில் அது வெளியேறி மறைந்துவிடும். மூடியதில் அதற்குப் போக்கிடம் இல்லை. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பிச் சவ்வினூடே காதுக்கு வருகிறது.

இதில் ஒரு சிறு கணக்கு. சவ்வுக்கும் கிண்ணத்தின் அடிக்கும் இடைவெளி 4 செண்டிமீட்டர் என்று கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அந்த இடைவெளியில் அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண் ஏறத்தாழ 4,300 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு நிலை அலை எழும். சில சுரங்கள் தேவைக்கு மேல் ஒலிக்கும், சில அமிழும். இயற்கையின் குறும்பைப் பாருங்கள்! நம் செவித்துளையின் நீளம் ஏறத்தாழ 2.5 செண்டிமீட்டர், அதன் ஒத்ததிர்வு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும். எவ்விடத்தில் செவி கூர்மையோ அவ்விடத்திலேயே கிண்ணம் குழப்பம் செய்கிறது. பாடகரின் சகரம் ஊசிபோல் குத்துவதும், தம்புராவின் ஜீவாளி தகர ஓசையாக மாறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

விலை உயர்ந்த மூடிய ஹெட்போன்களை ஒப்பிடுவது என்பது, இந்தப் பின் அலையை யார் எவ்வாறு அடக்கினார் என்று ஒப்பிடுவதே. சென்ஹைசர் 2018இல் வெளியிட்ட எச்டி 820இன் முதுகில் உட்குழிந்த கண்ணாடி இருக்கிறது. அது பின் அலையைத் திருப்பி ஓரத்திலுள்ள உறிஞ்சிகளுக்கு அனுப்புகிறது. அழகிய சிந்தனை, ஆயினும் அளவீடுகளில் 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் காணப்படுகிறது. பிரெஞ்சு நிறுவனமான ஃபோக்கல் 2019இல் 2,999 டாலர் விலையில் வெளியிட்ட ஸ்டெல்லியாவில் சவ்வு பெரிலியத்தால் ஆனது. பெரிலியம் இலேசானது, மிக விறைப்பானது. ஆதலால் சவ்வு நெளியாமல் ஒரே தகடாக அசைகிறது. டெனானின் ஏஎச்-டி9200 ஜப்பானின் கோச்சி மாவட்டத்து மூங்கிலால் கிண்ணம் செய்துகொண்டது. மரக் கிண்ணங்களைப் பற்றி விற்பனையாளர் பாடும் புகழில் பாதியைக் கழித்துவிடுவது நலம் என்பது என் கருத்து. கிண்ணத்தின் வடிவமும் கொள்ளளவும் உள்ளே வைத்த உறிஞ்சுபொருளும் செய்யும் வேலை, மரத்தின் சாதி செய்யும் வேலையினும் பெரிது. கண்ணுக்கு அது விருந்து என்பதை மறுக்கவில்லை.

இவற்றுள் என் சிந்தையைக் கவர்ந்தது டான் கிளார்க் ஆடியோ 2021இல் ஏறத்தாழ 4,000 டாலர் விலையில் வெளியிட்ட ஸ்டெல்த். அதில் சவ்வுக்கும் காதுக்கும் நடுவே துளைகளும் நுண்குழல்களும் நிறைந்த ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். மெட்டாமெட்டீரியல் என்பது அதன் பெயர். பெயர் அச்சுறுத்தினும் தத்துவம் நாம் பள்ளியில் கற்றதே: கால் அலைநீளக் குழல்களும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறைகளும் வேண்டாத நிலை அலைகளை விழுங்குகின்றன. வாய் குறுகிய குப்பியின் மேல் ஊதினால் ஒரே சுரம் எழுகிறதன்றோ? அதே குப்பி அந்தச் சுரத்தை உறிஞ்சவும் வல்லது. 2023இல் அதே நிறுவனம் இம்முறையை ஏறத்தாழ 2,000 டாலர் விலையுள்ள இ3 என்ற ஹெட்போனுக்கும் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டில் விலை பாதியாயிற்று. அவசரப்படுவோர் இதைக் கருத்தில் கொள்ளட்டும்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு யாது? ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் அதிர்வெண் ஒழுங்கையும் விலையையும் பொருத்திப் பார்த்தார். தொடர்பு எதுவும் தென்படவில்லை. இதனால் விலை உயர்ந்தவை எல்லாம் வீண் என்று ஆகிவிடாது. விலைச்சீட்டை வைத்து ஒலியை ஊகிக்க முடியாது என்பதே இதன் பொருள்.

பின் எப்படி ஒப்பிடுவது? காதால்தான். ஆனால் காது எளிதில் ஏமாறும். சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதையே நல்லது என்று நம் மனம் தீர்ப்பளித்துவிடும். சென்ற பருவத்தில் என் அறையில் மூவர் கூடி இரு ஹெட்போன்களை ஒப்பிட்டோம். ஒன்று ஆடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸ். 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். மற்றொன்று பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ. 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். காகிதத்தில் வேறுபாடு மூன்று டெசிபல்தான். ஆனால் ஒலிக்குமிழை ஒரே நிலையில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் போகிறது. மின்னெதிர்ப்பு குறைந்தது மிகுதியான திறனை இழுக்கிறது. கணக்கிட்டால் வேறுபாடு ஏறத்தாழ 11 டெசிபல்! குமிழைத் தொடாதவரை மூவரும் எம்50எக்ஸுக்கே வாக்களித்தோம். பின்னர் ஒரு தடித்த அட்டையில் துளையிட்டு, ஒலிவாங்கியை அதில் பொருத்தி, ஹெட்போனை அட்டைமேல் வைத்து, இரண்டையும் சம அளவுக்குக் கொணர்ந்தோம். உடனே வாக்கு பிரிந்தது. மிருதங்கத்தின் தொப்பி எம்50எக்ஸில் நன்று என்றார் ஒருவர். வீணையின் மேற்சுரங்கள் டிடி 770இல் விரிவாக இருப்பதாக மற்றவர் சாதித்தார். எனக்கு அதன் மேலொலி சற்றுக் காரம்.

கண்ணைக் கட்டிக்கொண்டாலும் இத்தகைய சோதனை முழுமையாகாது. ஒன்றின் மெத்தை தோல்போன்றது, மற்றது வெல்வெட்டுப் போன்றது. தலையில் வைத்ததும் தெரிந்துவிடும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரே ஹெட்போனைத் தலையில் வைத்து, பல ஹெட்போன்களின் அதிர்வெண் ஒழுங்கை அதில் மாறி மாறி ஏற்றிக் கேட்கச் செய்தனர்.

அவர்கள் செய்த அந்த வித்தையில்தான் நமக்கு வேண்டிய விடை இருக்கிறது. ஒரு ஹெட்போனை மற்றொன்றைப்போல் ஒலிக்கச் செய்ய இயலுமாயின், அந்த வேறுபாட்டுக்கு நாம் ஏன் இலட்சங்களைக் கொடுக்க வேண்டும்? கணினியிலும் கைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர், மேலொலி காரமாயின் தணிக்கும். கீழொலி மெலிந்தால் ஏற்றும். ஈக்வலைசரால் திருத்த இயலாதது எதுவோ, அதற்கு மட்டுமே பணம் கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

அப்படி இயலாதவை சில உண்டு. நிலை அலையால் விழும் குறுகிய ஆழ்ந்த பள்ளம் ஒன்று. ஹெட்போன் தலையில் அரை செண்டிமீட்டர் நகர்ந்தால் பள்ளமும் நகரும்; நகரும் பள்ளத்தை எந்த எண்ணை வைத்து நிரப்புவது? ஸ்டெல்த் போன்றவை இங்கேதான் தம் விலைக்கு நியாயம் காட்டுகின்றன. தலையை நெரிக்காமல் நான்கு மணிநேரம் இருப்பது மற்றொன்று. தேய்ந்த உறுப்பை மாற்ற முடிவதும் அவ்வாறே. இந்த வகையில் 1985 முதல் விற்பனையில் இருக்கும் டிடி 770, பன்மடங்கு விலையுள்ள சிலவற்றையும் வென்றுவிடும்.

கசிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூடிய ஹெட்போனில் கீழொலி பிறப்பது, காதைச் சுற்றிய மெத்தை காற்றுப் புகாமல் பொருந்துவதால். மூடிய சிறு அறையில் சவ்வின் அசைவு அப்படியே அழுத்தமாக மாறுகிறது. ஒரு சிறு இடுக்கு விட்டால் அழுத்தம் அவ்வழியே ஒழுகிவிடும். மேலொலி குறையாது, கீழொலி மட்டும் போய்விடும். அந்த இடுக்கை உண்டாக்குவது பெரும்பாலும் நம் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிதான்! நம் சங்கத்தில் பாதிப்பேர் கண்ணாடி அணிந்தவர்கள். அவர்களுள் ஒருவர் தம் ஹெட்போனில் கீழொலி போதவில்லை என்று ஆயிரம் டாலர் ஹெட்போன் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பாட்டைக் கேட்கச் சொன்னேன். இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிடார் ஒவ்வொரு அடியாகத் தெரிந்தது. அவருக்கு வேண்டியது மெல்லிய காதுக்கம்பியும், சற்று மிருதுவான புதிய மெத்தையும். மெத்தை தேய்ந்து தட்டையானாலும் இதே விளைவுதான். அத்துடன் சவ்வு காதை நெருங்கிவிடுவதால் ஒலியின் நிறமே மாறும். இரண்டாண்டு பழகிய ஹெட்போனைக் குறை கூறுமுன் மெத்தையை மாற்றிப் பார்த்துவிடுக.

பெருக்கி வாங்க வேண்டுமா என்பது அடுத்த வினா. இதற்கும் கணக்கே விடை. 110 டெசிபல் உச்சத்தை எட்ட, 250 ஓம் டிடி 770க்கு 25 மில்லிவாட் வேண்டும், மின்னழுத்தம் 2.5 வோல்ட். கைபேசியின் சிறிய இணைப்பான் பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டியே தருவதால் அது போதாது. ஸ்டெல்லியாவோ 35 ஓம், 106 டெசிபல். அதே உச்சத்துக்கு 0.3 வோல்ட் போதும். விலை உயர்ந்ததற்குப் பெரிய பெருக்கி வேண்டும் என்பது விதியன்று.

உச்சத்தைப் பற்றிப் பேசும்போது செவியை மறக்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணிநேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 89இல் ஐந்து மணிநேரமே. கோடையில் அறையில் கூலர் இரைகிறது. அதை வெல்ல நாம் ஒலியைக் கூட்டுகிறோம். மூடிய கிண்ணம் அந்த இரைச்சலை மறிக்கிறது. டிடி 770க்குச் சொல்லப்படும் அளவு 18 டெசிபல். உரக்க வைக்கும் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. என்னைப் பொறுத்தவரை மூடிய வகையின் முதற்பயன் இதுவே. கூலரின் தாழ்ந்த முழக்கத்தை மட்டும் வெறும் கிண்ணம் நன்கு தடுக்காது. அதற்கு இரைச்சல் நீக்கும் மின்சுற்று உள்ளவையே ஏற்றவை.

அப்படியும் மூவாயிரம் டாலரை விடமாட்டேன் என்பவர்கள், பெருநகரம் ஒன்றில் நேரில் போட்டுக் கேட்ட பின்னரே வாங்கட்டும். தம் கண்ணாடியை அணிந்தே கேட்கட்டும்; தாம் நூறுமுறை கேட்ட ஒரு கச்சேரிப் பதிவைக் கொண்டுபோகட்டும்; குறைந்தது ஒரு மணிநேரம் தலையில் வைத்திருக்கட்டும். அதற்குமுன் நம் விடுதியிலேயே ஒரு முறை பார்த்துவிட விரும்புவோர்க்கு, துளையிட்ட அந்த அட்டையும் ஒலிவாங்கியும் இன்னும் என் அறையில்தான் இருக்கின்றன. ஞாயிறு மாலைகளில் வரலாம். ஹெட்போனை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.