மலைத்தோட்ட மரங்களும் காட்டுச் சட்டமும்

பட்டா தம் பெயரில் இருந்து, கந்தாயமும் தவறாது செலுத்திவந்தால், நிலத்திலுள்ள மரங்களைத் தம் இஷ்டப்படி வெட்டலாமென்று நீலகிரி விவசாயிகளில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மலைப்பிரதேச மரங்களைப் பாதுகாக்க 1955-ம் வருஷத்தில் ஏற்பட்ட சட்டப்படியே கமிட்டியின் முன் அனுமதி அவசியமாகும். பின்னர் வந்த மாறுதல்களோ இராஜ்ய சர்க்காரின் அதிகாரத்தையே குறுக்கிவிட்டன.

1976-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, காடுகள் என்னும் விஷயம் இராஜ்யங்களின் ஜாபிதாவினின்று பொது ஜாபிதாவுக்கு மாற்றப்பட்டது. 1980-ம் வருஷத்துக் காடுகள் பாதுகாப்புச் சட்டம், மத்திய சர்க்காரின் முன் சம்மதமின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு விடலாகாதென விதித்தது. இது ரிஸர்வ் காடுகளுக்கு மாத்திரமே உரியதென்று பலகாலம் கருதப்பட்டது.

அக்கருத்தை மாற்றிய வழக்கு இந்த ஜில்லாவின் கூடலூர்ப் பகுதியிலிருந்தே எழுந்தது. ஆங்கு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். 1996 டிசம்பர் 12-ந் தேதி பிறந்த உத்தரவில், நிலம் யாருக்குச் சொந்தமாயினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே எனக் கூறப்பட்டது.

தமிழ்நாட்டுக்கென அவ்வுத்தரவில் தனிப் பகுதியொன்று உண்டு. தோட்டக்காரர் ஊன்றிப் படிக்கவேண்டியது அதுவே. நிழல் மரங்களில் நட்டு வளர்த்தவற்றையே வெட்டலாம். தானே முளைத்தவற்றைத் தொடலாகாது. அதுவும் டான்டீ அறிக்கை குறித்த ஜாதிகளை, அது சொல்லும் அளவுக்கு, கமிட்டியின் மேற்பார்வையில் வெட்டவேண்டும். காட்டுக்கு வெளியே விறகுக்காக நட்ட கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் சொந்த உபயோகத்துக்கு வெட்டவும் அக்கமிட்டியின் அனுமதி தேவை. காட்டை அழித்துத் தோட்டத்தை விஸ்தரிப்பது அறவே தடுக்கப்பட்டது.

உதாரணமாக, தேயிலைச் சரிவின் கீழ் ஓடைக்கரையில் இரண்டு ஏக்கர் சோலை நிற்கிறதென்று கொள்வோம். அது பட்டாவில் அடங்கியிருக்கலாம். ஆயினும் அதைத் திருத்திச் செடி நட முடியாது. கிராம அதிகாரி வாய்மொழியாகச் "செய்து கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தாலும் பயனில்லை. அத்தகைய அனுமதி தரும் அதிகாரம் அவருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. ஓடையின் ஊற்று அச்சோலையை நம்பியிருக்கிறதென்பதைத் தோட்டக்காரரே நன்கறிவர்.

1980-ம் வருஷத்துச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, காடென அறிவிக்கப்பட்ட அல்லது சர்க்கார் தஸ்தாவேஜுகளில் காடெனப் பதியப்பட்ட நிலங்களுக்கே செல்லும்படி சுருக்கப்பட்டது. இதைக் கேட்டுச் சிலர் கோடரியைத் தீட்டத் தொடங்கினராயின், அது அவசரமேயாகும். 2024 பிப்ரவரி 19-ந் தேதியிட்ட இடைக்கால உத்தரவில், இராஜ்யங்கள் காடுகளைக் கண்டறிந்து பதிவுசெய்து முடிக்கும்வரை 1996-ம் வருஷத்துப் பொருளையே அனுசரிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது.

ஆகையால் மரத்தை வியாபாரிக்கு விலை பேசி முன்பணம் வாங்குமுன், நிலம் எவ்வகையாகப் பதியப்பட்டுள்ளதென்பதைத் தாலூகா ஆபீஸில் பார்த்துக்கொள்வதும், எவை நட்டவை எவை தானே வளர்ந்தவை என்பதைக் குறித்து வைப்பதும் நலம். நட்ட வருஷத்தைக் காட்டும் நாற்று ரசீதுகள் இருப்பின், அவற்றையும் மனுவுடன் இணைத்தனுப்பலாம்.