எந்த இலக்கு முதலில்? சுடும் வரிசையை எழுதும் முறை

திருச்சி காட்டூர்க்காரர்களுக்குத் துப்பாக்கி அந்நியம் அல்ல. திருவெறும்பூர் பக்கம் இருக்கும் படைக்கலத் தொழிற்சாலை 1960-களிலிருந்து ரைபிள் செய்கிறது. கே.கே. நகர் ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் 47-வது மாநிலப் போட்டி நடந்தபோது, நடிகர் அஜித்குமாரைப் பார்க்கத் திரண்ட கூட்டம் சுடுதளத்தையும் முதன்முறையாகப் பார்த்தது. அங்கே நடப்பவை பெரும்பாலும் ஒலிம்பிக் பாணிப் போட்டிகள். அவற்றில் வரிசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 25 மீட்டர் ரேபிட் ஃபயரில்கூட ஐந்து இலக்கு, இலக்குக்கொரு குண்டு, 8, 6, 4 வினாடி என்று விதியே எல்லாம் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் பிறந்த கௌபாய் ஆக்‌ஷன் சுடுதல் வேறு மாதிரி. பழைய பாணி ரிவால்வர் இரண்டு, லீவர் ரைபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. ஒவ்வொரு ஸ்டேஜிலும் (சுற்றிலும்) எந்த இரும்புத் தகட்டை எந்த வரிசையில் சுட வேண்டும் என்பதை, போட்டியை அமைப்பவர் தாளில் எழுதித் தருகிறார். குறி தவறினால் 5 வினாடி கூடும், வரிசை தவறினால் 10 வினாடி. எழுதியவர் குழப்பினால் சுடுபவர் அபராதம் கட்டுகிறார். அதனால்தான் இந்தத் தாளை அக்கறையோடு எழுத வேண்டும் என்கிறேன். கிளப்பில் நண்பர்களுக்குள் ஏர்கன் பயிற்சி வைத்தாலும் இதே முறை பொருந்தும்.

முதல் வேலை, இலக்குகளுக்கு எண் கொடுப்பது. சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து, இடது ஓரம் 1. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் தனித்தனி இலக்கு என்றால் ரை1, ரி1 என்று பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது வரிசை. பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்கும். மூன்று இலக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "இடமிருந்து வலம் போய்த் திரும்பி வரவும்" என்று எழுதினால், ஒருவர் 1-2-3-2-1 என்று சுடுவார், இன்னொருவர் 1-2-3-3-2-1 என்று சுடுவார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "ஒன்று விட்டு ஒன்று" என்பதும் அப்படித்தான்: 1, 3 மட்டுமா, அல்லது 1, 3 முடித்து 2-க்கு வர வேண்டுமா? வர்ணனையை நம்பாதீர்கள், எண்களை முழுசாக எழுதுங்கள். நெவாடா ஸ்வீப் என்று பெயர் பெற்ற வரிசை, பத்துக் குண்டுக்கு இப்படி வரும்:

1-2-3-2-1-2-3-2-1-2

எழுதியதும் எண்ணிப் பாருங்கள். முதல் இலக்கில் 3, நடுவில் 5, மூன்றாவதில் 2, மொத்தம் 10. ரிவால்வர் ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டாதான் போடுவார்கள், சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலி. ஆகவே, ரிவால்வரில் சுடும்போது இந்த வரிசையை முதலாவதில் 1-2-3-2-1, இரண்டாவதில் 2-3-2-1-2 என்று பிரித்துக் காட்டுவது நல்லது. வலது ஓரத்திலிருந்து தொடங்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அனுமதி உண்டென்றால் 3-2-1-2-3-2-1-2-3-2 என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.

பிறகு மற்ற விவரங்கள்: எங்கே நிற்பது, கை எங்கே இருக்க வேண்டும், எந்தத் துப்பாக்கி முதலில், சுட்டு முடித்ததை எங்கே எப்படி வைப்பது. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் போதும். கௌபாய் கதை வசனம் சேர்க்க ஆசை இருந்தால் தனிப் பத்தியில் வையுங்கள், கட்டளையோடு கலக்காதீர்கள்.

தாள் தயாரானதும், அந்த ஸ்டேஜை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். துப்பாக்கி வேண்டாம். விரலால் இலக்குகளைக் காட்டி, எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசி விளக்காதீர்கள். அவர் தயங்கும் இடத்தைத் திருத்தி எழுதி, வேறொருவரிடம் மறுபடி கொடுங்கள்.

கடைசியாக, அதே தாளின் நகலை, சுடுவதைக் கவனித்துக் கணக்கெடுக்கும் ஸ்பாட்டர்கள் மூவருக்கும் கொடுங்கள். தகட்டில் பட்டதா இல்லையா என்பதில் மூவரில் இருவர் சொல்வதே கணக்கு. சுடுபவர் கையில் இருக்கும் வரிசைதான் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். இடையில் திருத்தம் செய்தால் பழைய தாள்களை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கிவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.