நீரில் நின்றும் வாடும் பயிர்

மீனைப் பிளந்து உப்பிட்டு அடுக்கிவைத்தால், சில நாழிகைக்குள் பாத்திரத்தில் நீர் சேர்வதைக் கல்முனைக் கரையில் யாவரும் கண்டிருப்பர். அந்நீர் எவரும் ஊற்றியதன்று. மீனின் தசையிலிருந்து உப்பினால் இழுக்கப்பட்டது. கல்லூரி ஆய்வுகூடத்தில் உப்புக்கரைசலிலிட்ட உருளைக்கிழங்குத் துண்டு துவள்வதும் இவ்வாறே.

உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்கிலுங் குறைவு. கொழுப்பு மூலக்கூறுகள் இரு படைகளாய் அமைந்த அச்சவ்வினூடாக ஒட்சிசன் எளிதிற் பரவும். உப்பின் அயன்கள் தாமாகப் புகமாட்டா. நீரோ, கரைபொருட் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்குச் செல்லும். இதுவே பிரசாரணம். நீருக்கென்றே சவ்வில் தனி வாயில்கள் உளவென்பதை அமெரிக்க அறிஞர் பீற்றர் ஆக்ரே 1992 இல் காட்டினார். 2003 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

வயலும் கடலும் அணித்தாயுள்ள நற்பிட்டிமுனை போன்ற ஊரார்க்கு இது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தைத் தாக்கியபின், வயல்களும் கிணறுகளும் உவராயின. கடல்நீரின் ஒவ்வோர் இலீற்றரிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. வேர்க்கலங்களின் சாற்றிலும் மண்ணீர் செறிவு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்சவியலாது, உள்ளதையும் இழக்கும். ஆதலின் நீரில் நின்றே நெல் வாடும். கடல்நீர் பருகுவோனுக்குத் தாகம் தணியாமையும் இதனாலேயே. அவ்வளவு செறிந்த உப்பைச் சிறுநீரகம் கழிக்கவியலாது, உடலின் நீரையே அதற்குச் செலவிடும்.

இனி, உப்பே உயிர் காக்கும் இடமும் உண்டு. வயிற்றோட்டத்தில் வெறும் நீரைக் குடல் போதியளவு உறிஞ்சாது. ஆயின் குடற்கலச் சவ்விலுள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருங்கே உள்ளே ஏற்றும். நீர் அவற்றைப் பின்தொடரும். இதனை 1960 இல் இறொபேட் கிரேன் எடுத்துரைத்தார். 1971 இல் மேற்கு வங்கத்துப் பொன்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, நாளத்திலேற்றும் மருந்துநீர் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகலனபிசு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் பலரைக் காத்தார். நம் நாட்டில் 'ஜீவனி' என வழங்குவது அவ்வகைக் கலவையே.

அளவு இங்கே முதன்மையானது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் விதித்த கலவையில் ஓர் இலீற்றருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள. ஓர் இலீற்றர்ப் பொதியை அரை இலீற்றரிற் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டினால், செறிவு மிகுந்து, குடற்கலங்களிலிருந்தே நீர் வெளியேறும்.