சிங்கப்பூரின் உணவங்காடிகள் – ஓர் ஆய்வு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சிங்கப்பூர் என்றவுடன் வானளாவிய கட்டடங்களும் துறைமுகமும் நம் மாணவ நண்பர்களின் மனக்கண்முன் தோன்றும். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் அமைந்த அத்தீவு நகரத்து மக்கள் அன்றாடம் எங்கே உண்கிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. நான் அங்குச் சென்றவனல்லன். ஆயினும் அங்கே கட்டட வேலையில் பதினொரு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் தாய்மாமா கூறியவற்றையும், படித்தறிந்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையை வரைகின்றேன்.

விடை, உணவங்காடி நிலையம் என்பதாகும். பக்கங்கள் திறந்த பெரிய கூரை. அதன்கீழ் வரிசையாகச் சிறு கடைகள். நடுவில் பொதுவான மேசைகள். ஒவ்வொரு கடையும் ஓரிரு பண்டங்களையே செய்யும். சீனர் கடைச் சோறும், மலாய்க்காரர் கடைக் குழம்பும், தமிழர் கடைத் தேநீரும் ஒரே மேசையில் சேரும். இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். நம் பேருந்துகளில் ஜன்னல் வழியே துண்டு போடுகிறோமே, அதே சட்டம்தான்! உண்டபின் தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம்.

இந்நிலையங்கள் தாமே முளைத்தவை அல்ல. அறுபதுகளில் அந்நகரின் தெருவெல்லாம் தள்ளுவண்டிகளும் கூடைக்காரர்களுமாக இருந்தன. குழாய் நீர் இல்லை. கழிவு சாக்கடையில் விழுந்தது. நோய் பரவும் அச்சம் இருந்தது. 1968–69இல் அரசு கணக்கெடுத்துச் சுமார் 18,000 தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியமர்த்தியது. தெருவை விட்டு எழுப்பிய அரசு, அமர ஓரிடமும் கொடுத்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்வுணவங்காடிப் பண்பாட்டை மனித குல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி, எதை உண்பது? சீனத்தின் ஹைனான் தீவினர் கொண்டுவந்த கோழிச் சோறு முதலிடம் பெறும். அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டுடன் வதக்கிப் பின் கோழி வேகவைத்த நீரிலேயே சமைக்கிறார்கள். மணப்பொருள்கள் பலவும் நீரைவிடக் கொழுப்பில் எளிதில் கரையும். அச்சோற்றின் மணத்துக்குக் காரணம் அதுவே. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் மலாயருடையது. மீ கோரெங் என்பதோ விந்தையான பண்டம்: நூடுல்ஸ் சீனருடையது, பெயர் மலாய், வறுக்கும் கை பெரும்பாலும் தமிழ் முஸ்லிமுடையது. அங்கே பிராட்டா எனப்படுவது நம் புரோட்டாவின் உடன்பிறப்பு. அதைக் காலையிலேயே உண்கிறார்கள். குற்றாலம் பக்கத்துப் புரோட்டாவைச் சாப்பிட்ட நாக்குக்கு அங்கே சால்னா போதாது என்பது மாமாவின் தீர்ப்பு.

நம் வட்டாரத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தஞ்சோங் பகார் பகுதியில் புகழ்பெற்ற மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது. அதன் முகவரி, ‘எண் 1, கடையநல்லூர் தெரு’. ஆம், நம் கடையநல்லூரேதான்! அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற முஸ்லிம் மக்கள் அப்பகுதியில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். 1941இல் அங்கே ஒரு கடையநல்லூர் முஸ்லிம் சங்கமும் கண்டனர். அவர்தம் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றும், பலகாரம் செய்து விற்றும் பிழைத்தனர். அந்நகரத்துக் குழம்பின் ருசியில் நம் சீமைப் பெண்களின் கைவலி கலந்திருக்கிறது.

ஆனால் அங்குள்ள தமிழர் எல்லாரும் அந்த ருசியை நாள்தோறும் காண்பதில்லை. மாமாவுக்கு வேலை நாட்களில் விடியுமுன் பொட்டலச் சோறு வந்துவிடும். நண்பகலில் பிரித்தால் பல நாள் புளித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா நிலையத்துக்குப் போய்ச் சூடாக ஒரு பிரியாணி உண்பதே அவருக்கு வாரத்தின் திருவிழா.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. அவ்வூர்ச் சாலையோரத்தில் என் தாயார் இட்லி விற்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் படிப்பு அந்த இட்லிச் சட்டியிலிருந்து வருவது. குடத்தில் சுமந்த நீரில்தான் தட்டுக் கழுவ வேண்டும். தெரு வியாபாரிகளுக்கென 2014இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், கணக்கெடுத்துச் சான்று தரும்வரை அவர்களை அகற்றலாகாது என்கிறது. எனினும் அது நகர்ப்புறங்களுக்கானது. எங்களைப் போன்ற சிற்றூருக்கு எட்டாது. நகராட்சியாகிய சங்கரன்கோவிலிலேனும் ஒரு கூரை, குழாய், வடிகால் அமைத்தால், ஆடித்தபசுக் கூட்டத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுதும் பயன்படுமன்றோ?

இக்கட்டுரையை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். “கொழாத் தண்ணி கெடைக்கும்னா நல்லதுதான், வாடகை எம்புட்டு?” என்றார். சிங்கப்பூரில் தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறையினருக்கு அரசு சலுகை வாடகை விதித்தது. பின்னர் வந்தவர்கள் ஏலத்தில் கேட்டுத்தான் கடை பெறுகின்றனர்.