நகரமைப்பும் குடிமக்களும்

வீடு கட்ட எண்ணும் ஒருவன் முதலில் மனையின் நீள அகலங்களை அளக்கிறான். காற்று வரும் திசையையும், மழைநீர் ஓடும் சரிவையும், கிணறு தோண்டத்தக்க இடத்தையும் ஆராய்கிறான். கையிலுள்ள பொருளைக் கணக்கிடுகிறான். வீட்டில் உள்ளார் அனைவரையும் கலந்து பேசுகிறான். பின்னரே கடைக்கால் இடுகிறான். ஒரு வீட்டிற்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், பல்லாயிரம் வீடுகள் கூடிய ஒரு நகருக்கு எத்துணை ஆராய்ச்சி வேண்டும்! வீட்டில் நேரும் பிழை ஒரு குடும்பத்தை வருத்தும். தெருவிலும் கால்வாயிலும் குளத்திலும் நேரும் பிழையோ தலைமுறை தலைமுறையாகப் பலரை வருத்தும். ஆகவே, நகரை அமைப்பதும் காப்பதும் பெரியதொரு பொதுப்பணி ஆகும்.

இப்பணி தமிழர்க்குப் புதியதன்று. காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்த புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக அமைந்திருந்ததையும், அவ்விரண்டிற்கும் இடையே நாளங்காடி இருந்ததையும் சிலப்பதிகாரம் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராட்சி நடந்த முறையை விரிவாகத் தெரிவிக்கின்றன. குடவோலை வழியாக உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரிகளைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியமும் இருந்தன. பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற இயலாது என்று விதி இருந்தது. ஊர்ப்பொருளைக் கையாள்வோர் ஊராருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை அக்காலத்திலேயே கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நகராட்சி புதிய வடிவம் பெற்றது. சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தஞ்சாவூர் நகராட்சி 1866இல் அமைந்தது. 1882இல் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்த ரிப்பன் பிரபு, உள்ளூர்ப் பணிகளை உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளே நடத்த வேண்டும் என்னும் கொள்கையை ஒரு தீர்மானத்தின் வழியாக வலியுறுத்தினார். 1920இல் சென்னை மாகாணத்துக்கென நகரமைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. இச்சட்டம் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், தஞ்சை நகரம் நகரமைப்பைப் பற்றி நல்லதொரு பாடத்தைக் கற்பித்தது. அதனை இங்குக் காண்போம்.

ஸ்காட்லாந்து நாட்டில் 1854இல் பிறந்தவர் பேட்ரிக் கெடிஸ். அவர் உயிர்நூல் கற்றவர், தாவரவியல் பேராசிரியர். செடிகொடிகளை ஆராய்ந்த அவர் உள்ளம் நகரங்களை ஆராய்வதிலும் ஈடுபட்டது. எடின்பரோ நகரின் பழைய பகுதி அந்நாளில் நெருக்கமும் அழுக்கும் நிறைந்து கிடந்தது. செல்வர்கள் அதனை விட்டு விலகிச் சென்றனர். கெடிசும் அவர் மனைவியாரும் அப்பகுதியிலேயே குடிபுகுந்தனர். அண்டை வீட்டாரோடு கூடிச் சுவர்களைத் தூய்மை செய்து, வெள்ளையடித்து, சிறு தோட்டங்கள் அமைத்தனர். ஓர் இடத்தைத் திருத்த விரும்புவோன் அவ்விடத்தின் வாழ்வை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை.

சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று, 1914இல் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். உலகின் பல நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய தம் கண்காட்சிப் பொருள்களை அவர் வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலையும் பின்னர்க் கடலில் மூழ்கடித்தது. பல ஆண்டுகள் முயன்று தொகுத்த செல்வம் நீருக்குள் மறைந்தது. கெடிஸ் உளம் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் அவர் மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று தஞ்சைக் கோட்டைப் பகுதியைப் பற்றியது.

தஞ்சைக் கோட்டைக்குள் வீடுகள் நெருங்கியிருந்தன. சந்துகள் குறுகியும் வளைந்தும் கிடந்தன. கழிவுநீர் செல்ல வழியில்லை. அப்பகுதியைத் திருத்துவதற்கென ஒரு திட்டம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. பழைய சந்துகளுக்கு ஊடே நேரான புதிய தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக அமைப்பது அத்திட்டத்தின் கருத்து. தாளில் பார்க்கும்போது அது மிக அழகாகத் தோன்றியது. ஆனால், அக்கோடுகள் சென்ற வழியிலெல்லாம் மக்கள் குடியிருந்த வீடுகள் இருந்தன. கோடு நேராக அமைய வேண்டுமாயின் வீடுகள் இடிய வேண்டும்.

கெடிஸ் அத்திட்டத்தை எடுத்துக்கொண்டு தெருக்களில் இறங்கினார். வெயிலில் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக உள்ளது, எது இடிந்து விழும் நிலையில் உள்ளது, எங்கே வெற்றிடம் கிடக்கிறது, எங்கே நிழல்தரும் மரம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். முடிவில் அவர் கண்ட உண்மை எளியது. புதிய தெருக்கள் பெரும்பாலும் வேண்டியதில்லை. இருக்கும் சந்துகளையே சிறிது அகலப்படுத்தினால் போக்குவரத்திற்குப் போதும். மிகவும் பழுதுபட்ட சில வீடுகளை மட்டும் நீக்கி, வெற்றிடங்களையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டிற்கும் காற்றும் ஒளியும் கிடைக்கும். செலவோ முந்தைய திட்டத்தினும் பன்மடங்கு குறையும்.

மற்றொரு கருத்தையும் அவர் எடுத்துரைத்தார். வீடுகளை இடித்தால் அவற்றில் வாழ்ந்த மக்கள் மறைந்துவிடுவதில்லை. அவர்கள் வேறோர் இடத்தில் சென்று நெருங்கி வாழ்வர். ஆகவே, ஓரிடத்து நெருக்கடி தீராமல் இடம் மாறுகிறது. சில வேளைகளில் மிகுந்தும் போகிறது. ஏழைகள் வீட்டையும் இழந்து, அண்டை அயலாரின் துணையையும் இழக்கின்றனர். இதனை எண்ணாத திட்டம் எத்துணை அழகியதாயினும் நல்ல திட்டம் ஆகாது.

தம் முறையை அவர் அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டார். நல்ல மருத்துவன் நோயுற்ற இடத்தை மட்டும் அறுக்கிறான். நலமான உறுப்பைக் காக்கிறான். அதற்கு முன்னர் நோயாளியின் நாடியைப் பார்த்து, உடல்நிலை முழுவதையும் அறிந்துகொள்கிறான். நகரமைப்பாளன் செய்ய வேண்டுவதும் அதுவே. முதலில் ஆய்வு, பின்னர்த் திட்டம் என்பது கெடிசின் நெறி.

இதனால் எந்த வீட்டையும் எக்காலத்தும் இடிக்கலாகாது என்று கருதுதல் தவறு. கெடிசே சில வீடுகளை நீக்கச் சொன்னார். தீயணைக்கும் வண்டியும் நோயாளியை ஏற்றும் ஊர்தியும் நுழைய இயலாத தெரு உயிருக்கே ஊறு செய்யும். அத்தகைய தெருவில் சிலர் இடம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், இழப்பவர் யார், அவருக்கு மாற்று இடம் எது, இதனினும் குறைந்த இழப்போடு அதே பயனைப் பெற இயலாதா என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கடப்பாரை எடுத்தல் வேண்டும். பொதுநலம் என்னும் சொல் எளியவரின் நலத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

தஞ்சை நகரம் தரும் மற்றொரு பாடம் நீரைப் பற்றியது. நகரின் மேற்கே சேவப்ப நாயக்கன் ஏரி உள்ளது. பெரிய கோயிலை அடுத்துச் சிவகங்கைக் குளம் உள்ளது. மேல வீதியை அடுத்து அய்யன்குளம் உள்ளது. இவை தனித்தனியே வெட்டப்பட்ட பள்ளங்கள் அல்ல. ஒன்றில் சேரும் நீர் மற்றொன்றுக்குச் செல்லுமாறு முன்னோர் மண்ணுக்கடியில் நீர்வழிகள் அமைத்திருந்தனர். காலப்போக்கில் வழிகள் தூர்ந்தன; அவற்றின்மேல் கட்டடங்கள் எழுந்தன. குளங்கள் வறண்டன. தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2016இல் நடுவண் அரசின் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்திட்டத்தின் கீழ் அய்யன்குளம் சீரமைக்கப்பட்டபோது, பழைய நீர்வழி தேடிக் கண்டறியப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. புதியதைக் கட்டுவதோடு, மறந்துபோன பழையதைத் தேடி எடுப்பதும் நகரமைப்பின் ஒரு பகுதி என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய பணிகளை முடிவு செய்வோர் யார்? 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு உறுதியான இடம் அளித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெற வேண்டும் என்றும், இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மகளிர்க்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. தமிழ்நாடு 2016இல் மகளிர் பங்கைப் பாதியாக உயர்த்தியது. இருப்பினும், அவ்வாண்டு அக்டோபரில் தமிழக நகராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே நிருவாகம் நடத்தினர். அலுவலர் எத்துணைத் திறமையுடையவராயினும், தெருமுனையில் நிறுத்தி, “எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லையே” என்று உரிமையோடு கேட்பதற்கு வார்டு உறுப்பினர் ஒருவர் வேண்டும். சட்டம் இருத்தல் மட்டும் போதாது. அது நடைபெறுகிறதா என்று பார்க்கும் மக்களும் இருத்தல் வேண்டும் என்பதை அவ்வைந்து ஆண்டுகள் உணர்த்தின.

மக்கள் தம் கருத்தைக் கூறுவதற்கும் வழி உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படும்போது, அதனை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்தல் வேண்டும். மறுப்புகளையும் யோசனைகளையும் எழுத்து வடிவில் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் தருதல் வேண்டும். அந்த அறிவிப்பைப் பலர் படிப்பதில்லை. நிலம் அளக்க வந்தவன் வாசலில் நின்றபோதுதான், “இது எப்போது முடிவாயிற்று?” என்று திகைக்கின்றனர். திட்டம் முடிவாகும் முன்னர்ப் பேச வேண்டியவர், முடிவான பின்னர்ப் புலம்புவதால் பயன் என்ன?

மாணவர்களே! தஞ்சைத் தெருக்களில் நடந்து கெடிஸ் செய்த ஆய்வுக்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. கண்ணும் காலும் பொறுமையும் போதும். நீங்களும் உங்கள் தெருவை ஒருநாள் ஆய்ந்து பாருங்கள். மழைநீர் எங்கே தேங்குகிறது? அது முன்னர் எக்குளத்திற்குச் சென்றது? முதியவர் ஒருவர் அச்சமின்றித் தெருவைக் கடக்க முடிகிறதா? எந்த மரம் வழிப்போக்கர்க்கு நிழல் தருகிறது? இவற்றைக் குறித்து ஒரு படம் வரையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிப் பழைய செய்திகளைக் கேளுங்கள். நகராட்சி வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிய செய்தி வெளிவரும்போது, நம் வரிப்பணம் எப்பணிக்குச் செல்கிறது என்று பாருங்கள்.

நகரம் என்பது கட்டடங்களின் கூட்டம் அன்று. கூடி வாழும் மக்களின் இல்லம் அது. அதன் வரைபடத்தில் இடப்படும் ஒவ்வொரு கோட்டின் கீழும் ஒரு குடும்பத்தின் வாழ்வு இருக்கிறது. நாளை உங்களுள் ஒருவர் பொறியாளர் ஆகலாம். மற்றொருவர் மன்ற உறுப்பினர் ஆகலாம். பலர் வரி செலுத்தும் குடிமக்களாக வாழலாம். யாராக இருப்பினும், கோடு இடுவதற்கு முன் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நல்ல நகர் அந்நடையில்தான் தொடங்குகிறது.