செத்த நாய் என்ன வேலை பார்த்தது?



நீ அனுப்பிய கேஸ் விவரம் கிடைத்தது. பதிமூன்று வயது நாட்டு நாய் செத்து மூன்று வாரம் ஆகிறது. அதோடு வளர்ந்த ஏழு வயது லாப்ரடார் இப்போது தட்டில் வைத்த சோற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, கையால் ஊட்டினால் தின்கிறது. இருட்டிவிட்டால் மாடிப்படி ஏறுவதில்லை. நடுராத்திரியில் கேட்டருகே நின்று ஊளையிடுகிறது. வீட்டுக்காரர்கள் “ஏங்கிப்போச்சு டாக்டர்” என்கிறார்கள். நீயும் கேஸ் ஷீட்டில் ‘டிப்ரஷன்’ என்று எழுதிவிட்டு, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறாய். இந்த வருஷம் படிப்பை முடித்துக் கிளினிக் போட்டிருக்கும் உன் தோழர்களுக்கும் இதே கேள்வி வரும். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். மாத்திரைக்குக் கடைசியில் வருகிறேன்.

கூட இருந்த ஜீவன் போனால் நாய் மாறும். இதில் சந்தேகம் வேண்டாம். இத்தாலியில் மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், குறைந்தது இரண்டு நாய் வளர்த்து அவற்றில் ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டு 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிச்சமிருந்த நாயின் நடத்தை மாறியது என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். எப்போதும் ஆளை ஒட்டிக்கொண்டே இருந்தது என்றவர்கள் 67 சதவீதம், விளையாட்டு குறைந்தது என்றவர்கள் 57 சதவீதம், சாப்பாடு குறைந்தது என்றவர்கள் 32 சதவீதம். நாலில் ஒரு பங்கு நாய்களுக்கு இது ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தது. எல்லாம் வளர்ப்பவர்கள் சொன்ன கணக்கு என்பதை மறக்காதே. அவர்களும் அழுதுகொண்டிருந்தவர்கள்தான். அவர்களுடைய துக்கம் கூடக் கூட நாயின் மாற்றமும் கூடியதாக அதே ஆய்வு சொல்கிறது.

எனக்குப் பயம் வேறு. ‘துக்கம்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டால் அப்புறம் கை ஸ்டெதஸ்கோப்பைத் தேடாது. ஜப்பானில் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925-இல் இறந்த தன் பேராசிரியருக்காக 1935 வரை காத்திருந்த ஹாச்சிகோவை உனக்குத் தெரியும். உலகத்திலேயே பேர் பெற்ற துக்கம் அது. அந்த நாயின் உடம்பில் ஃபைலேரியா புழு இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. ஏங்குகிற நாய்க்கு நோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே முதல் கேள்வி: அந்த இன்னொரு நாய் எப்படிச் செத்தது? “வயசாச்சு, ரெண்டு நாள் சாப்பிடல, போயிடுச்சு” என்பார்கள். அது பதில் ஆகாது. கடைசி நாட்களில் குரல் மாறியதா, தண்ணீர் விழுங்கச் சிரமப்பட்டதா, எச்சில் வடிந்ததா, இருட்டு மூலையில் போய் ஒளிந்ததா, கல்லையும் மண்ணையும் தின்றதா, சில மாதங்களுக்குள் தெருநாயிடம் கடிபட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேள். நம் ஊரில் நாயின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் நினைக்க வேண்டியது ரேபிஸ். ஒரே நாளில் ஒரே நாயிடம் இரண்டும் கடிபட்டிருந்தாலும், ஒன்றுக்கு முன்னாலும் மற்றதற்குச் சில வாரம் கழித்தும் நோய் வெளிப்படலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் முன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காதே. நீயும் உன் உதவியாளரும் தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் கடிதத்தை இங்கேயே மூடிவிட்டு முதலில் அதைப் போட்டுக்கொண்டு வா. உன் லாப்ரடாரைப் பொறுத்தவரை பயம் குறைவு. ரேபிஸ் அறிகுறி தொடங்கிய நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. மூன்று வாரமாக ஒரே நிலையில் இருப்பது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவில் நம் பகுதி வீடுகளில் அடிக்கடி வருவது உண்ணிக் காய்ச்சல். ஒரே திண்ணையில் படுத்த இரண்டு நாய்களையும் ஒரே உண்ணிகள்தான் கடித்திருக்கும். எர்லிக்கியா கிருமி வெளியே தெரியாமல் மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில்கூட உடம்பில் கிடக்கும். நாய் சோர்ந்து படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகரும். பார்ப்பவர்களுக்கு அது ஏக்கமாகவே தெரியும். மழைக்காலமென்றால், எலி நடமாடும் வீடென்றால், லெப்டோ என்ற எலிக்காய்ச்சலையும் எலி மருந்தையும் சேர்த்து யோசி.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது என்பாய். புத்தகத்தில் அவ்வளவாக இல்லாத இரண்டாவது கேள்விக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். செத்த நாய் அந்த வீட்டில் என்ன வேலை பார்த்தது?

ஒருமுறை ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ராஜபாளையம் நாய் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கூட வளர்ந்த கறுப்பு நாட்டு நாய் பாம்பு கடித்துச் செத்திருந்தது. அன்றிலிருந்து இது கூப்பிட்டால் வருவதில்லை, கேட் திறந்தாலும் தூங்குகிறது, தொட்டு எழுப்பிய பையனைக் கடித்துவிட்டது. “அது போனதிலிருந்து இதுக்கு வீட்டு மேல வெறுப்பு வந்துடுச்சு” என்றார் பெரியவர். நாயின் பின்னால், நிழல் விழாத பக்கமாக நின்று, எவர்சில்வர் தட்டு இரண்டை மோதினேன். காது மடல் அசையவே இல்லை. பிறவிச் செவிடு. வெள்ளை உடம்புள்ள இனங்களில் வரும் குறைதான், ராஜபாளையத்தில் அதை நீ அடிக்கடி பார்ப்பாய். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தக் கறுப்பு நாய். அது தலை தூக்கினால் இதுவும் தூக்கும், அது கேட்டுக்கு ஓடினால் இதுவும் ஓடும். காது இல்லாத நாய் கூட்டாளியின் காதை வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. துக்கம் அதற்கும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பையனைக் கடித்தது துக்கத்தால் இல்லை, தூக்கத்தில் தொட்டதால். கைச் சைகை பழக்கச் சொன்னேன். தூங்கும்போது கிட்டே போகாமல், தள்ளி நின்று தரையைக் காலால் தட்டி எழுப்பச் சொன்னேன். அதற்கு மருந்துச் சீட்டு தேவைப்படவில்லை.

இப்போது உன் லாப்ரடாருக்கு வா. பகலில் ஏறுகிற படியை இருட்டினால் ஏறவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். மூட்டு வலிக்குப் பகல் ராத்திரி தெரியாது. லாப்ரடார்களில் விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் பரம்பரைக் குறை ஒன்று உண்டு. நடு வயதில்தான் தலைகாட்டும், முதலில் போவது இருட்டுப் பார்வை. விளக்கை மங்கவைத்து, வழியில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார். சத்தமோ வாசனையோ இல்லாத பஞ்சு உருண்டையைக் கண் முன்னால் போடு, தலை திரும்புகிறதா பார். கண்மணி விரிந்தே இருக்கிறதா, டார்ச் வெளிச்சத்தில் கண் முன்னைவிட அதிகமாகப் பளபளக்கிறதா என்று வீட்டாரைக் கேள். அந்த நாட்டு நாய் முன்னால் ஏற, இது அதன் வாலைத் தொட்டபடி ஏறிக்கொண்டிருந்ததோ என்னவோ. அப்படியானால் படியில் ஒரு சின்ன விளக்கும், மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் வைப்பதும் போதும்.

ஊளைக்கும் அதே கேள்வி. தெருநாய்கள் ஊளையிட்டால் பதில் கொடுத்தது யார்? கேட் யாருடைய ஆட்சியில் இருந்தது? ஊளை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அதற்கு முன் தெருவில் என்ன நடக்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்க வீடியோ எடுக்கச் சொல். இதில் அவசரமும் உண்டு. நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். அதிலும் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு. இரண்டு வாரம் பொறுத்த பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வாரம் சண்டைக்கு வருவார், நாயை ‘எங்காவது கொடுத்துவிடுங்கள்’ என்பார். நாயை ராத்திரியில் வீட்டுக்குள், ஆள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் படுக்க வைக்கச் சொல். நம்பிக்கையைப் பற்றி வாதம் செய்யாதே, நேரம் வீண்.

சாப்பாட்டு விஷயத்தில் நாயைவிட வீட்டாரைத்தான் விசாரிக்க வேண்டும். முதல் நாள் சாப்பிடவில்லை, மாரி பிஸ்கட் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் நாள் சிக்கனை உரித்துக் கையால் ஊட்டியிருப்பார்கள். நாயும் தட்டை ஒதுக்கினால் சிக்கன் வரும் என்று கற்றுக்கொண்டிருக்கும். வேளைக்கு வை, இருபது நிமிடத்தில் எடு, நடுவில் எதுவும் கொடுக்காதே என்று சொல். ஆனால் உடம்பில் நோயில்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் சொல்ல வேண்டும். தண்ணீரை எப்போதும் எடுக்கக் கூடாது. காலை நடை நின்றுபோயிருக்கும், அதையும் கேள். கிழ நாயை வெளியே விடத்தான் வீட்டுத் தாத்தா யாராவது ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்திருப்பார். அது போனதும் அவர் எழுவதை நிறுத்தியிருப்பார். அப்படியானால் லாப்ரடாருக்கு ஒரே நாளில் கூட்டாளியும் போயிற்று, நடையும் போயிற்று. அவரை மறுபடி நடக்க வைப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

பிணத்தைக் காட்டியிருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பார்த்த நாய்க்கும் பார்க்காத நாய்க்கும் மிலான் ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. குற்ற உணர்ச்சி வேண்டாம் என்று சொல்லிவிடு. புதுக் குட்டி உடனே வேண்டாம், சில மாதம் போகட்டும்.

மாத்திரை. மேலே சொன்னதெல்லாம் பார்த்து முடித்த பிறகும் தனியே விட்டால் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்கிறது, உடம்பு இளைக்கிறது என்றால் ஃப்ளூவாக்ஸெடின் கொடு. கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை. பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பத்தாம் நாள் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் பசியைக் குறைக்கும் மருந்து அது. சாப்பிடாத நாய்க்கு எழுதும் முன் இரண்டு முறை யோசி.

உன் லாப்ரடாருக்கு இப்போது அது வேண்டாம். ரத்தம் எடு, ஸ்மியர் போடு, ப்ளேட்லெட் எண்ணிக்கை பார். குறைந்திருந்து, உண்ணியும் பட்டிருந்தால் எனக்கு எழுதிக் காத்திருக்காதே. டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 28 நாள், அன்றைக்கே ஆரம்பித்துவிடு. வீடியோவை மட்டும் எனக்கு அனுப்பு.